பல்லி பிடிக்கும் பூனையும் கல்லீரல் தட்டைப்புழுவும்: புதிதாகப் பூனை வளர்ப்போருக்கு ஒரு வழிகாட்டி

பூனை வளர்க்கத் தொடங்கும் எவரும் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்ளும் சொல் ‘குடற்புழு நீக்கம்’. குறித்த இடைவெளியில் மாத்திரையைக் கொடுத்து நாட்காட்டியில் குறித்து வைத்துவிட்டால், புழுக்களைப் பற்றிய கவலை முடிந்தது என்றே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். ஆனால் அந்த மருந்தின் வரம்பு அதன் பெயரிலேயே இருக்கிறது. அது குடலில் வாழும் புழுக்களுக்கானது. பூனையின் உடலில் குடலைக் கடந்து பித்தநாளத்துக்குள் ஏறி, பித்தப்பையிலும் கல்லீரலின் உட்கிளைகளிலும் குடியேறும் புழுக்களும் உண்டு. வழக்கமான அளவில் கொடுக்கும் மாத்திரை அவற்றை ஒழிப்பதில்லை. தவறாமல் புழு நீக்கம் செய்யப்பட்ட பூனை ஒரு நாள் உணவை மறுத்து, கண் மஞ்சளித்து நிற்கும்போது, ‘புழுவாக இருக்க முடியாது’ என்று வீட்டார் உறுதியாகச் சொல்வதும், அந்த உறுதியினால் நாட்கள் வீணாவதும் இதனால்தான் நடக்கின்றன. அந்த நாட்களை வீணாக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எந்தப் புழு, எங்கே வாழ்கிறது

பூனையின் கல்லீரலைத் தாக்கும் ஒட்டுண்ணிகள் பல. அவற்றுள் வெப்பமண்டல, மித வெப்பமண்டல நாடுகளில் பூனை வளர்ப்போர் முதலில் அறிய வேண்டியது பிளாட்டினோசோமம் என்னும் தட்டைப்புழு. இலை போன்ற தட்டையான உடலும், சுமார் 4 முதல் 8 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட இப்புழு பித்தப்பையிலும் பித்தநாளங்களிலும் ஒட்டி வாழ்கிறது. புளோரிடா, ஹவாய், கரீபியத் தீவுகள், பிரேசில், தென்கிழக்கு ஆசியா, மேற்கு ஆப்பிரிக்கா எனப் பல்லிகள் மிகுந்த வெப்பமான நிலப்பகுதிகளில் இது பதிவாகியுள்ளது. இந்நோயைப் ‘பல்லி நஞ்சு’ என்ற பொருளில் அழைக்கும் வழக்கம் கரீபியப் பகுதியில் நெடுங்காலமாக உண்டு. பல்லியில் நஞ்சு எதுவும் இல்லை. பல்லியைத் தின்ற பூனை சில வாரங்களில் இளைத்து மஞ்சளாகி இறந்ததைக் கண்ட மக்கள், காரணப் பொருளைச் சரியாகப் பிடித்துவிட்டு, அதற்குள் இருந்த புழுவைக் காண முடியாமல் வைத்த பெயர் அது.

மற்றொரு பிரிவு மீன் வழியாக வருவது. ஒபிஸ்தார்கிஸ், குளோனார்கிஸ், மெட்டார்கிஸ் ஆகிய இனங்கள் நன்னீர் மீன்களின் தசையில் உறை பூண்டு காத்திருந்து, அம்மீனைப் பச்சையாக உண்ணும் பூனையின் பித்தநாளத்தை அடைகின்றன. சைபீரியாவின் ஓப், இர்டிஷ் ஆற்றுப் படுகைகளில் பரவலாக உள்ள ஒபிஸ்தார்கிஸ் ஃபெலினியஸ் 1884இல் இத்தாலியில் பூனையிடமிருந்து விவரிக்கப்பட்டது. ‘பூனைக்குரியது’ என்பதே அதன் பெயரின் பொருள். பூனைக்கு எந்த மீனையும் பச்சையாகக் கொடுக்காதீர்கள் என்ற ஒரே விதியில் இந்தப் பிரிவு அடங்கிவிடுவதால், இனி வருவனவற்றில் பெரும்பகுதி பல்லி வழிப் புழுவைப் பற்றியே அமையும். நோயறிதலும் மருத்துவமும் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே.

பூனைக்குள் அது வந்து சேரும் வழி

இந்தப் புழுவின் பயணத்தைப் புரிந்துகொண்டவருக்கு மற்றவை எல்லாம் தாமே விளங்கும் என்பதால், இதைச் சற்றுப் பொறுமையாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நோயுற்ற பூனையின் பித்தத்தோடு கலந்து குடலுக்கு இறங்கும் முட்டைகள் மலத்தில் வெளியேறுகின்றன. அந்த முட்டையை ஒரு நிலநத்தை உண்ண வேண்டும். நத்தையின் உடலுக்குள் பல மடங்காகப் பெருகிய இளம்புழுக்கள் மண்ணுக்கு வருகின்றன. அவற்றை, மக்கிய இலைகளுக்கும் ஈரக் கற்களுக்கும் அடியில் ஊர்ந்து திரியும் பல கால்களுடைய சிறு ஓட்டுடலிகள் உண்கின்றன. அந்தப் பூச்சி போன்ற உயிரை ஒரு பல்லியோ ஓணானோ தவளையோ தேரையோ விழுங்குகிறது. இளம்புழு அதன் பித்தநாளத்தில் தங்கிக் காத்திருக்கிறது. கடைசியில் பூனை அந்தப் பல்லியைப் பிடித்துத் தின்னும்போது, விடுபட்ட இளம்புழுக்கள் குடலின் மேற்பகுதியிலிருந்து பித்தநாளத்தின் வாயிலைக் கண்டுபிடித்து உள்ளே ஏறுகின்றன. அங்கே அவை முதிர்ந்து, முட்டையிட்டு, முட்டைகள் மலத்தில் தென்படத் தொடங்க ஏறத்தாழ 8 முதல் 12 வாரங்கள் ஆகும்.

இதிலிருந்து பெறும் செய்திகள் மூன்று. நத்தையும் பல்லியும் இல்லாமல் சுழற்சி நிறைவடையாது என்பதால், ஒரு பூனையிடமிருந்து இன்னொரு பூனைக்கு நேரடியாக இது தொற்றுவதில்லை. பூனையின் மலத்தைக் கையாளும் மனிதருக்கும் பல்லி வழிப் புழு தொற்றுவதில்லை. மூன்றாவது, பல்லியைத் தின்ற நாளுக்கும் நோய் வெளிப்படும் நாளுக்கும் இடையே வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் இடைவெளி இருப்பதால், ‘அண்மையில் எதையும் பிடிக்கவில்லையே’ என்ற பதிலை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

முதற்படி: உங்கள் பூனை எந்த நிலையில் உள்ளது எனக் கணியுங்கள்

வெளியே சென்று வரும் பூனையா, முற்றிலும் வீட்டுக்குள் வாழ்வதா என்பது முதல் கேள்வி. ஆனால் ‘வீட்டுப் பூனை’ என்ற சொல்லில் ஏமாந்துவிடக் கூடாது. சுவரில் ஒரு பல்லி இருந்தாலே அது வேட்டை நிலந்தான். இரவில் விளக்கைச் சுற்றிப் பூச்சிகள், பூச்சிகளைத் தேடிப் பல்லிகள், பல்லிகளைத் தேடிப் பூனை என்று ஒரு வரிசை மூடிய அறைக்குள்ளும் நடக்கிறது. பல்லியைப் பிடித்து விளையாடிவிட்டு விட்டுவிடும் பூனையும் உண்டு, முழுதாகத் தின்னும் பூனையும் உண்டு. தரையில் துடிக்கும் வால் மட்டும் கிடந்தால், மீதி எங்கே போனது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தெருவிலிருந்து மீட்டு வளர்க்கும் பூனையாக இருந்தால், அது முன்பு வேட்டையாடித்தான் வாழ்ந்தது என்றே கொள்ள வேண்டும். அத்தகைய பூனை வீட்டுக்கு வந்த முதல் மாதத்தில், நலமாகத் தெரிந்தாலும், ஒரு முறை மலப் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்வது என் கருத்தில் தடுப்பூசிக்கு அடுத்தபடியாகச் செய்ய வேண்டிய நற்காரியம்.

இரண்டாம் படி: அறிகுறிகளைக் காணக் கற்றுக்கொள்ளுங்கள்

சில புழுக்களே உள்ள பூனை வாழ்நாள் முழுதும் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கலாம். புழுக்கள் மிகும்போது பித்தநாளச் சுவர் அழற்சியுற்றுத் தடிக்கிறது, நாளம் விரிகிறது, பித்தம் தேங்குகிறது, தேங்கிய பித்தத்தில் கிருமிகள் வளர்கின்றன. பூனையில் பித்தநாளமும் கணைய நாளமும் குடலில் சேருமுன் பெரும்பாலும் ஒன்றாக இணைவதால், கணையமும் சேர்ந்து அழற்சியடைவதுண்டு. நெடுநாள் தொற்றுள்ள சில பூனைகளில் பித்தநாளப் புற்றும் காணப்பட்டிருக்கிறது.

வெளியே தெரிபவை தனித்தன்மை அற்றவை: உணவில் ஆர்வக் குறைவு, சோர்வு, எடை இழப்பு, அவ்வப்போது வாந்தி, சில சமயம் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், வயிறு உப்புதல். பூனை தன் நோயை மறைக்கும் விலங்கு என்பதால், இவற்றுள் எடை இழப்பு ஒன்றே மறைக்க இயலாத சாட்சி. வாரம் ஒரு முறை பூனையைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் கருவியில் ஏறி நின்று, உங்கள் எடையைக் கழித்து எழுதி வையுங்கள். 4 கிலோ பூனை 400 கிராம் குறைவது, அதன் உடலில் பத்தில் ஒரு பங்கு கரைந்துவிட்டது என்பதாகும். கண்ணால் பார்த்தால் அது தெரியவே தெரியாது.

மஞ்சள் காமாலையைக் காண்பதற்கு ஒரு முறை உண்டு. மின்விளக்கின் மஞ்சள் ஒளியில் பார்த்தால் ஏமாற்றிவிடும் என்பதால், பகல் வெளிச்சத்தில் சன்னலருகே பூனையை வைத்துக்கொள்ளுங்கள். மேல் இமையை மெல்ல உயர்த்திக் கண்ணின் வெள்ளைப் பகுதியைப் பாருங்கள். காதின் உட்புறத்தையும், கண்ணுக்கும் காதுக்கும் இடையே முடி அடர்த்தி குறைந்த தோலையும், வாயைத் திறந்து மேல் அண்ணத்தையும் பாருங்கள். நலமாக இருக்கும் நாளிலேயே இதைச் செய்து பழகி, ஒரு புகைப்படமும் எடுத்து வைத்தால், பின்னாளில் ஐயம் வரும்போது ஒப்பிட ஏதாவது இருக்கும். சிறுநீர் ஆழ்ந்த ஆரஞ்சு நிறமாக மாறுவதும், மலம் களிமண் போல வெளுத்துப்போவதும் மிகத் தீவிரமான அடையாளங்கள். பின்னது பித்தம் குடலுக்கே வரவில்லை என்பதைச் சொல்கிறது.

பூனை ஒரு முழு நாள் எதுவும் உண்ணாவிட்டால் மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். இரண்டு நாட்கள் கடக்கும்வரை வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது. நாய் சில நாட்கள் பட்டினியைத் தாங்கும், பூனை தாங்காது. உணவு நின்றவுடன் பூனையின் உடல் கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலுக்கு அனுப்புகிறது. கல்லீரல் அதைக் கையாள முடியாமல் கொழுப்பால் நிரம்பி, தானே ஒரு புதிய நோயாளி ஆகிறது. பருமனான பூனைகளில் இது இன்னும் விரைவாக நேரும். புழு கொல்லாத பூனையைப் பட்டினி கொன்றுவிடும். கண் அல்லது தோல் மஞ்சளித்திருந்தாலோ, எச்சில் ஒழுக்கிக்கொண்டு திசை தெரியாதது போல நடந்தாலோ, சுவரில் தலையை அழுத்திக்கொண்டு நின்றாலோ, அன்றைக்கே, அந்த வேளையிலேயே கொண்டு செல்ல வேண்டும்.

மூன்றாம் படி: மருத்துவரிடம் போகுமுன்

கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை: எடைக் குறிப்பு, இதுவரை கொடுத்த புழு நீக்க மருந்துகளின் பெயரும் அளவும் தேதியும், வாந்தியின் அல்லது சிறுநீரின் நிறத்தைக் காட்டும் புகைப்படம், புதிய மலத்தின் மாதிரி. மலத்தை மூடியுள்ள சுத்தமான டப்பாவில் வைத்து, உடனே போக முடியாவிட்டால் குளிர்பெட்டியின் கீழ்ப்பகுதியில் வைக்கலாம். உறைய வைக்கக் கூடாது. இயன்றால் மூன்று வெவ்வேறு நாட்களின் மாதிரிகளைத் தனித்தனியாகச் சேகரியுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது நீங்கள் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம்: “இந்தப் பூனை பல்லி பிடித்துத் தின்னும்.” கேட்கப்படாவிட்டாலும் சொல்லுங்கள். உண்ணாமல், மஞ்சளித்து, கல்லீரல் நொதிகள் உயர்ந்து வரும் பூனைக்கு மருத்துவர் எண்ணிப் பார்க்க வேண்டிய காரணங்கள் பத்துக்கு மேல் இருக்கின்றன. பித்தநாள அழற்சி, கல்லீரல் கொழுப்பு நோய், வைரஸ் தொற்றுகள், டாக்ஸோபிளாஸ்மா என்னும் நுண்ணிய ஒட்டுண்ணி, புற்று என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. தட்டைப்புழுவைப் பட்டியலின் அடியிலிருந்து மேலே கொண்டுவருவது உங்களிடமிருந்து வரும் அந்தச் செய்திதான்.

நான்காம் படி: பரிசோதனைகளைப் புரிந்துகொள்ளுங்கள்

புழுவைக் கண்டுபிடிக்கச் செய்யும் வழக்கமான மலப் பரிசோதனையில், மலத்தை உப்பு அல்லது சர்க்கரைக் கரைசலில் கலந்து, மேலே மிதந்து வரும் முட்டைகளை உருப்பெருக்கியில் பார்ப்பார்கள். கொக்கிப்புழு, உருண்டைப்புழு முட்டைகள் இதில் நன்றாக மிதக்கும். தட்டைப்புழுவின் முட்டையோ கனமானது. ஒரு முனையில் மூடி போன்ற அமைப்பும் தடித்த பழுப்பு நிற ஓடும் கொண்ட அது, மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்கு மேற்படாத அளவினது. மிதக்க வைக்கும் முறையில் அது எளிதில் தவறிவிடும். ஆகவே படிவு முறைப் பரிசோதனையை, அதாவது மாதிரியைக் கரைத்து வடிகட்டி அடியில் தங்கும் வண்டலைப் பார்க்கும் முறையை, மருத்துவரிடம் பெயர் சொல்லியே கேளுங்கள். எந்த முறையில் பார்த்தார்கள் என்று கேட்பது அவமதிப்பு ஆகாது.

அந்த முறையிலும் ‘முட்டை இல்லை’ என்ற முடிவு ‘புழு இல்லை’ என்று பொருள்படாது. புழுக்கள் எல்லா நாட்களிலும் ஒரே சீராக முட்டைகளை வெளியேற்றுவதில்லை; அவை இன்னும் முதிராமல் இருக்கலாம்; கொடிய முரண் என்னவென்றால், பித்தநாளம் முழுதும் அடைபட்ட, மிக மோசமான நிலையில் உள்ள பூனையின் மலத்தில்தான் ஒரு முட்டையும் இருக்காது, ஏனெனில் பித்தம் இறங்க வழியே இல்லை.

இரத்தத்தில் ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. ஆகிய கல்லீரல் நொதிகளும், மஞ்சள் காமாலையின் நிறத்துக்குக் காரணமான பிலிரூபின் என்னும் பித்த நிறமியும் உயர்ந்திருக்கலாம். ஈசினோஃபில் என்னும் வெள்ளையணு மிகுந்திருந்தால் ஒட்டுண்ணியின் மீது ஐயம் வலுக்கும். இயல்பாக இருந்தால் ஐயம் நீங்கிவிடாது. பூனையின் சிறுநீரில் பிலிரூபின் சிறிதளவு தென்பட்டாலும் அது இயல்பன்று.

எனக்குத் தெரிந்தவரை, வீட்டாருக்கு மிகத் தெளிவான விளக்கம் தருவது மீயொலிப் படம், அதாவது அல்ட்ராசவுண்ட். பித்தப்பையின் சுவர் தடித்திருப்பதையும், பித்தநாளம் வளைந்து நெளிந்து விரிந்திருப்பதையும், சில சமயம் உள்ளே மிதக்கும் படிவுகளையும் அதில் காணலாம். பொதுப் பித்தநாளத்தின் அகலம் பூனையில் இயல்பாக 4 மில்லிமீட்டருக்குள் இருக்கும். 5ஐத் தாண்டினால் அடைப்பு இருக்கக்கூடும். தேவைப்பட்டால் படத்தைப் பார்த்தபடியே நுண்ணிய ஊசியால் பித்தப்பையிலிருந்து சிறிது பித்தம் எடுத்து, முட்டைகளையும் கிருமிகளையும் ஒருசேரத் தேடலாம். பித்தம் குடலுக்கு வராத பூனையில் வைட்டமின் கே உறிஞ்சப்படாமல் இரத்தம் உறையும் திறன் குறைந்திருக்கும் என்பதால், ஊசி நுழைக்குமுன் உறைதல் சோதனை செய்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் செய்தும் விடை கிடைக்காமல், பூனையின் வாழ்க்கை முறையும் அறிகுறிகளும் தட்டைப்புழுவையே சுட்டினால், மருத்துவர் புழுவுக்கான மருந்தைக் கொடுத்துப் பார்க்க முடிவு செய்யலாம். அதை அவசரம் என்று எண்ணாதீர்கள். இந்த நோயில் அது முறையான முடிவே.

ஐந்தாம் படி: மருந்து, அதிலும் அளவு

முதன்மை மருந்து பிராசிகுவான்டெல். நாடாப்புழுவுக்குக் கொடுக்கும் அதே மருந்துதான், ஆனால் அளவு வேறு. நாடாப்புழுவுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 5 மில்லிகிராம் ஒரே முறை போதும். தட்டைப்புழுவுக்கு ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம், தொடர்ந்து 3 முதல் 5 நாட்கள் கொடுப்பது பரவலான மருத்துவ வழக்கம். 4 கிலோ பூனைக்கு ஒரு நாளுக்கு 80 மில்லிகிராம். வழக்கமான மாத்திரையில் அது பெற்றதோ 20 மில்லிகிராம், அதுவும் ஒரு நாள் மட்டும். ‘புழு மாத்திரை கொடுத்தோமே’ என்ற வாதம் ஏன் நிற்பதில்லை என்பதற்கு இந்தக் கணக்கே விடை.

இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. கணக்கைப் படித்த சிலர் வீட்டிலுள்ள மாத்திரையில் நான்கைக் கொடுத்துவிடலாம் என்று எண்ணக்கூடும். பூனைகளுக்கான புழு நீக்க மாத்திரைகளில் பல, பிராசிகுவான்டெலோடு பைரான்டெல், மில்பெமைசின் போன்ற வேறு மருந்துகளையும் சேர்த்தே கொண்டவை. நான்கு கொடுத்தால் அவையும் நான்கு மடங்காகும். மேலும், கல்லீரல் நலிந்த பூனைக்கு இந்த உயர் அளவு மருத்துவரின் பொறுப்பிலும் கண்காணிப்பிலும் மட்டுமே கொடுக்கத் தக்கது. மேலே தந்த எண்கள், மருத்துவர் எழுதிய சீட்டை நீங்கள் புரிந்துகொள்வதற்காகவே.

இந்த மருந்து மிகக் கசப்பானது. மாத்திரை நாவில் உடைந்தால் பூனை வாயில் நுரை தள்ளி எச்சில் ஒழுக்கும். முதன்முறை காண்பவர்கள் நஞ்சேறிவிட்டது என்று பதறுவார்கள். மாத்திரையை உடைக்காமல் சிறிது வெண்ணெயில் பொதிந்து நாவின் அடிப்பகுதியில் வைத்து, உடனே ஊசியில்லாத பீச்சாங்குழலால் சிறிது நீர் புகட்டுவது உதவும். ஊசி வழியாகவும் கொடுக்கலாம். குத்திய இடத்தில் சற்று வலிக்கும். ஃபென்பெண்டசோல் என்ற மருந்தும் சில சமயம் பயன்படுத்தப்படுகிறது என்றாலும், பிராசிகுவான்டெலே முதல் தேர்வாக நிற்கிறது.

புழு இறந்ததும் நோய் தீர்ந்துவிடுவதில்லை. இறந்த புழுக்களும் அவை விட்டுச்சென்ற அழற்சியும் நாளங்களில் எஞ்சியிருக்கும். ஆகையால் கிருமித் தொற்றுக்கு ஆன்டிபயாடிக், அழற்சி தணிய பிரெட்னிசோலோன், வாந்தி நிற்க ஒரு மருந்து, வைட்டமின் கே, வைட்டமின் பி12 ஆகியவை நிலைமைக்கேற்பச் சேரும். பித்தம் இளகி ஓட உர்சோடியாக்சிகோலிக் அமிலம் கொடுப்பதுண்டு. ஆனால் நாளம் முழுதும் அடைபட்டிருக்கும்போது அது கூடாது. முழு அடைப்புக்குச் சில வேளை அறுவை மருத்துவமே வழியாகிறது. பூனையில் பித்தநாள அறுவை கடினமானது, இழப்பு வாய்ப்பு மிகுந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லித்தான் ஆக வேண்டும். தாமதமின்றி வந்து சேருங்கள் என்று இவ்வளவு வற்புறுத்துவது அந்த அறுவை மேசையைத் தவிர்ப்பதற்காகவே.

வீட்டு மருத்துவம் குறித்து ஒரு கடுமையான சொல். காய்ச்சலுக்கென்று பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். அதைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு இயல்பிலேயே மிகக் குறைவு. மனிதருக்கான ஒரே ஒரு மாத்திரை நலமான பூனையையே கொல்லப் போதுமானது. பூண்டு புழுவைக் கொல்லும் என்று எவர் சொன்னாலும் கொடுக்காதீர்கள். பூண்டும் வெங்காயமும் பூனையின் சிவப்பணுக்களை அழிப்பவை.

ஆறாம் படி: உணவு, அதாவது பாதி மருத்துவம்

கல்லீரல் நோயுற்ற பூனை உண்டால் பிழைக்கும் என்று சொல்லிவிடலாம், அந்த அளவுக்கு உணவு முக்கியம். 4 கிலோ பூனைக்கு ஓய்வு நிலையில் ஒரு நாளைக்குச் சுமார் 200 கிலோகலோரி தேவை. நாட்கணக்கில் பட்டினி கிடந்த பூனைக்கு முதல் நாளே முழு அளவு கொடுத்தால் இரத்தத்தின் உப்புச் சமநிலை குலைந்துவிடும் என்பதால், முதல் நாள் நான்கில் ஒரு பங்கோ மூன்றில் ஒரு பங்கோ கொடுத்து, மூன்று நான்கு நாட்களில் முழு அளவை எட்டுவார்கள்.

உணவைச் சற்று வெதுவெதுப்பாக்கினால் மணம் எழுந்து பூனையை ஈர்க்கும். தரையில் வைப்பதைவிடக் கையில் வைத்து நீட்டினால் சில பூனைகள் உண்ணும். அதற்கும் இணங்காவிட்டால், வாயைத் திறந்து வலுக்கட்டாயமாகத் திணிப்பது தீர்வாகாது; உணவு மூச்சுக்குழாயில் இறங்கும் ஆபத்து ஒருபுறம், அந்த உணவையே வாழ்நாள் முழுதும் வெறுக்கும் நிலை மறுபுறம். மருத்துவர் உணவுக்குழாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ மெல்லிய குழாய் பொருத்தலாம் என்று சொன்னால் அஞ்சாதீர்கள். கழுத்தின் பக்கவாட்டில் பொருத்தப்படும் குழாயோடு பூனை வீட்டில் நடக்கும், உறங்கும், தானாக உண்ணவும் செய்யும். உணவும் கசப்பு மருந்தும் போராட்டமின்றி உள்ளே போகும். குழாய் பொருத்துவதைக் கடைசி முயற்சி என எண்ணித் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது, ஏனெனில் அது முதலிலேயே செய்ய வேண்டியது.

கல்லீரல் நோய் என்றவுடன் புரதத்தைக் குறைக்க வேண்டும் என்று எண்ணுவது இன்னொரு பிழை. பூனை புரதத்தால் வாழும் விலங்கு. மூளையைப் பாதிக்கும் நிலைக்கு நோய் முற்றினாலன்றிப் புரதத்தைக் குறைக்கக் கூடாது. அதையும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

வீட்டிலுள்ள மற்றவர்கள்

பல்லி வழிப் புழு மனிதருக்கு வராது என்று முன்பே சொன்னேன். வீட்டில் வேறு பூனைகள் இருந்தால், அவற்றைப் பிரித்து வைக்கத் தேவையில்லை. ஆனால் அவையும் அதே சுவர்களில், அதே தோட்டத்தில் வேட்டையாடுபவை என்பதால் அவற்றுக்கும் மலப் பரிசோதனை செய்ய வேண்டும்.

மீன் வழிப் புழுக்களின் நிலை வேறு. ஒபிஸ்தார்கிஸும் குளோனார்கிஸும் மனிதரையும் தாக்குபவை. தாய்லாந்து, லாவோஸ் பகுதிகளில் பரவியுள்ள ஒபிஸ்தார்கிஸ் விவெரினியும், கிழக்காசியாவின் குளோனார்கிஸ் சைனென்சிஸும் மனிதரில் பித்தநாளப் புற்றை உண்டாக்குபவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. அங்கும் பூனை மனிதருக்கு நேரடியாகத் தொற்றைத் தருவதில்லை. ஒரே மீனை இருவரும் பச்சையாகவோ அரைகுறையாக வெந்தோ உண்பதே காரணம். உள்வரை வேகும்படி சமைத்தால் இருவரும் பிழைத்தார்கள்.

மீண்டும் வராமல் காத்தல்

குணமான பூனை மறுநாளே இன்னொரு பல்லியைத் தின்றால் சுழற்சி மீண்டும் தொடங்கும். இந்தப் புழுவுக்குத் தடுப்பூசி இல்லை. பூனையை வீட்டுக்குள்ளேயே வளர்ப்பதும், வெளிக்காற்று வேண்டுமென்றால் வலையடித்த பால்கனியோ கூண்டு போன்ற திறந்த இடமோ அமைப்பதும் உறுதியான வழிகள். இரவில் தேவையற்ற விளக்குகளை அணைத்தால் பூச்சி குறையும், பல்லியும் குறையும். பல்லிகளைக் கொல்ல நஞ்சோ ஒட்டும் அட்டையோ வைக்காதீர்கள்; அவை பூனையையே முதலில் பிடிக்கும், பல்லியும் பாவம் செய்த உயிரன்று.

வேட்டை உணர்வைத் தண்டித்து அடக்க முடியாது, திசை திருப்பலாம். எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சிப் புரதம் மிகுந்த உணவு பெற்ற பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 விழுக்காடும், நாள்தோறும் 5 முதல் 10 நிமிடம் விளையாட்டுக் காட்டப்பட்ட பூனைகள் கொண்டுவந்த இரை 25 விழுக்காடும் குறைந்தன. கயிற்றில் கட்டிய இறகைத் துரத்தவிட்டு, கடைசியில் அதைப் பிடிக்கவும் விட்டு, உடனே உணவு வைப்பதை மாலை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மணல் தட்டை நாள்தோறும் சுத்தம் செய்து, மலத்தைப் பையில் கட்டிக் குப்பையில் சேருங்கள். தோட்ட உரக்குழியில் போட்டால், முட்டைகளை நத்தைக்கு நாமே பரிமாறியதாகும்.

சிகிச்சை முடிந்த பின்

மருந்து முடிந்து இரண்டு முதல் நான்கு வாரங்களில் கல்லீரல் நொதிகளையும் பிலிரூபினையும் மீண்டும் பாருங்கள். பசியும் எடையும் முதலில் திரும்பும், மஞ்சள் நிறம் பின்னர் மெல்ல விலகும், நொதிகள் கடைசியாக இறங்கும். இந்த வரிசை மாறினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு மாதத்திலும் மூன்றாம் மாதத்திலும் படிவு முறையில் மலத்தைப் பரிசோதியுங்கள். சில மருத்துவர்கள் 12 வாரங்கள் கழித்து பிராசிகுவான்டெலை மறுமுறை கொடுப்பார்கள். முதல் முறை தப்பிய புழுக்களையும் இடையில் தின்ற பல்லியின் வழியே வந்தவற்றையும் கருதிச் செய்வது அது. வேட்டையை நிறுத்த முடியாத பூனைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை இதே பரிசோதனை தொடர வேண்டும். நாட்காட்டியில் ‘குடற்புழு நீக்கம்’ என்று எழுதியிருக்கும் வரிக்குக் கீழே ‘படிவு முறை மலப் பரிசோதனை’ என்று இன்னொரு வரியை இன்றே எழுதி, அதற்கான தேதியையும் குறித்து வையுங்கள்.